சிவப்பு வண்ணத்துக்குப் பின்னால் எத்தனை குழந்தைகள்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குழந்தைகளின் இரத்தத்தில் காரீயம் கலந்திருப்பது பற்றிச் செய்தி வரும்போதெல்லாம் கூடவே ஒரு நிலப்படமும் வருகிறது. சில பகுதிகள் சிவப்பு, சில மஞ்சள், மிச்சமெல்லாம் வெள்ளை. படிப்பவர் முதலில் தேடுவது தம் பகுதி எந்த வண்ணத்தில் இருக்கிறது என்பதைத்தான். வெள்ளையாக இருந்தால் நிம்மதியாகப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். ஆனால் அந்த வெள்ளைக்கு ‘இங்கே ஆபத்து குறைவு’ என்றும் பொருள் இருக்கலாம். ‘இங்கே யாரும் சோதித்துப் பார்க்கவில்லை’ என்றும் பொருள் இருக்கலாம். இரண்டுக்கும் ஒரே வண்ணம் அடிப்பதுதான் எங்கள் ஆட்சேபம். இத்தகைய படங்களை அச்சிடும்போது மூன்று விவரங்களையும் சேர்த்து வெளியிடுங்கள் என்று கேட்கவே எழுதுகிறோம்: எத்தனை குழந்தைகளைச் சோதித்தார்கள், எந்த அளவைத் தாண்டினால் பாதிப்பு என்று எண்ணினார்கள், பகுதிகளின் எல்லையை எதை வைத்து வரைந்தார்கள்.

சொல்லிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. வெறுமனே ‘ஈயம்’ என்றால் பலருக்கும் பாத்திரத்தில் பூசும் வெள்ளீயம் நினைவுக்கு வரும். அது வேறு உலோகம். குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுப்பது காரீயம். செய்தியில் ஒரு தடவையாவது அப்படி எழுதிவிட்டால் குழப்பம் தீரும்.

காரீயத்தில் ‘இவ்வளவு வரை பரவாயில்லை’ என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. அப்படியென்றால் 10, 5, 3.5 என்ற எண்களெல்லாம் எங்கிருந்து வந்தன? ஒரு டெசிலிட்டர் (நூறு மில்லிலிட்டர்) இரத்தத்தில் எத்தனை மைக்ரோகிராம் காரீயம் என்பதே கணக்கு. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 1991-இல் 10 என்று வைத்த எல்லையை 2012-இல் 5 ஆக்கியது. 2021 அக்டோபரில் 3.5 ஆக இறக்கியது. இந்த 3.5 நச்சியலிலிருந்து வந்த எண் அல்ல. 1 முதல் 5 வயது வரையிலான அந்நாட்டுக் குழந்தைகளை அளவு வாரியாக வரிசையில் நிறுத்தினால், மேல்கோடியில் நிற்கும் 2.5 சதவீதத்தினரைப் பிரிக்கும் கோடு அது. ஆகவே 2019-இல் 4 மைக்ரோகிராம் இருந்த குழந்தை கணக்கில் வராது. 2022-இல் அதே 4 கணக்கில் வந்துவிடும். எல்லை எண்ணைச் சொல்லாமல் ‘பாதிப்பு இரு மடங்கு’ என்று தலைப்புப் போட்டால், கூடியது காரீயமா, மாறியது அளவுகோலா என்று வாசகருக்குத் தெரியாது. இரண்டு ஆண்டுகளை ஒப்பிடுவதானால் இரண்டுக்கும் ஒரே எல்லையை வைத்து மறுபடி எண்ண வேண்டும்.

எல்லைக்குக் கீழே இருப்பதும் சும்மா இல்லை. புரூஸ் லான்ஃபியர் குழுவினர் ஏழு நெடுங்கால ஆய்வுகளைச் சேர்ந்த 1,333 குழந்தைகளின் தரவை ஒன்றாக்கி 2005-இல் வெளியிட்ட கணக்கில், இரத்தக் காரீயம் 2.4-இலிருந்து 10-க்கு ஏறும்போது நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) 3.9 புள்ளி குறைந்தது. 10-இலிருந்து 20-க்கு ஏறும்போது குறைந்தது 1.9 புள்ளி, 20-இலிருந்து 30-க்குப் போகும்போது 1.1 மட்டுமே. சரிவு செங்குத்தாக இருப்பது தொடக்கத்தில்தான். இன்னொரு பக்கம், உடம்பிலிருந்து காரீயத்தை இழுத்து வெளியேற்றும் மருந்துச் சிகிச்சையை வழக்கமாகப் பரிந்துரைப்பது 45 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் உள்ள குழந்தைகளுக்கு. இடைப்பட்ட குழந்தைக்கு மருத்துவர் செய்யக்கூடியது, காரீயம் வரும் வழியைக் கண்டுபிடித்து அடைக்கச் சொல்வது, சத்துணவைக் கவனிப்பது, மறுபடி சோதிப்பது, அவ்வளவுதான். குழந்தையின் இரத்தத்தில் ஏறிய பிறகு வீட்டைச் சோதிப்பது என்பது குழந்தையையே காரீயமானியாகப் பயன்படுத்துவதற்குச் சமம். தவழத் தொடங்கும் முன்பே வீட்டைச் சோதித்துவிட வேண்டுமானால், எந்த வீட்டுக்கு முதலில் போவது என்று யாராவது முன்கூட்டிச் சொல்ல வேண்டும். புள்ளியியலுக்கு இங்கே இருக்கும் வேலை அது ஒன்றுதான்: ஆய்வாளர்கள் நூறு பேர், வீடுகள் லட்சம், எந்த வரிசையில் கதவைத் தட்டுவது?

அமெரிக்காவில் இந்த வரிசைக்கு அடிப்படையாக இருப்பது வீட்டின் வயது. குடியிருப்புகளில் காரீயப் பெயின்ட் அங்கே 1978-இல் தடை செய்யப்பட்டது. தேசிய அளவில் வீடுகளைச் சோதித்து டேவிட் ஜேக்கப்ஸ் குழுவினர் 2002-இல் வெளியிட்ட முடிவுகளின்படி, குறிப்பிடத்தக்க காரீயப் பெயின்ட் அபாயம் இருந்த வீடுகள் 1940-க்கு முன் கட்டியவற்றில் 68 சதவீதம். 1940 முதல் 1959 வரை கட்டியவற்றில் 43. 1960 முதல் 1977 வரை 8. 1978 முதல் 1998 வரை 3. இந்த நான்கு எண்களும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உள்ள கட்டுமான ஆண்டும் கையில் இருந்தால் ஒரு காகிதத்திலேயே மதிப்பீடு செய்துவிடலாம். கற்பனையாக ஒரு பகுதி: 1,000 வீடுகளில் மிகப் பழையவை 150, அடுத்த காலத்தவை 250, அதற்கடுத்தவை 400, கடைசிப் பிரிவில் 200. பெருக்கினால் 102, 107.5, 32, 6. கூட்டினால் ஏறத்தாழ 248. அதாவது நான்கில் ஒரு வீட்டில் அபாயம் எதிர்பார்க்கலாம். இதோடு வறுமை விகிதத்தையும் சேர்த்தால் கணிப்பு இன்னும் நெருங்கும். ஏனென்றால் பழைய வீடு மட்டும் நஞ்சு ஆவதில்லை. பெயின்ட் உரிந்து தூளாக வேண்டும், அந்தத் தூள் துடைக்கப்படாமல் கிடக்க வேண்டும். அதே வயதுடைய இரண்டு வீடுகளில் ஒன்று ஐந்தாண்டுக்கு ஒரு முறை பழுது பார்க்கப்படும். மற்றொன்றில் வாடகைக்கு இருப்பவர் ஜன்னலைத் திறந்து மூடும்போதெல்லாம் சட்டம் உராய்ந்து தூள் கொட்டும். 1997-இல் அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம், 1950-க்கு முந்தைய வீடுகள் 27 சதவீதமோ அதற்கு மேலோ உள்ள பகுதிகளில் எல்லாச் சிறு குழந்தைகளையும் சோதிக்கச் சொன்னதும் இந்த அடிப்படையில்தான்.

பகுதி அளவில் நின்றுவிடாமல் வீட்டு அளவுக்கும் இறங்கலாம். வட கரோலினாவில் மேரி லின் மிராண்டா குழுவினர் 2002-இல் வெளியிட்ட வேலை அதற்கு நல்ல எடுத்துக்காட்டு: சொத்துவரிப் பதிவேட்டிலிருந்து ஒவ்வொரு மனைக்கும் கட்டிய ஆண்டு, கணக்கெடுப்பிலிருந்து அக்கம்பக்கத்தின் வருமானம், இரத்தச் சோதனைப் பதிவேட்டிலிருந்து முடிவுகள். மூன்றையும் முகவரி என்ற ஒரே கயிற்றில் கட்டினார்கள். சொல்ல எளிது, பாதி உழைப்பு அந்தக் கயிற்றிலேயே போய்விடும். ஒரே தெருவை மூன்று விதமாக எழுதியிருப்பார்கள், அடுக்குமாடியில் கதவு எண் இருக்காது, வாடகைக் குடும்பம் சோதனைக்கு முந்தைய மாதம்தான் குடிவந்திருக்கும். பொருந்தாத முகவரிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு மேலே போவது பலரும் செய்யும் தவறு. முகவரி பொருந்தாமல் போவது தற்செயல் அல்ல. அடிக்கடி வீடு மாறுவோர், பிரித்து வாடகைக்கு விட்ட வீடுகளில் இருப்போர், இவர்கள் முகவரிதான் பெரும்பாலும் பொருந்தாது. ஆபத்து மிகுந்தவர்களையே முதல் படியில் உதிர்த்துவிட்டுக் கணக்கைத் தொடங்குகிறோம். பொருந்தாதவை எத்தனை சதவீதம், எந்தப் பகுதியைச் சேர்ந்தவை என்று தனியே எண்ணிப் பார்க்காத எந்தப் படத்தையும் நாங்கள் நம்புவதில்லை.

இனி, நிலப்படங்கள் மிக அதிகமாக ஏமாற்றும் இடத்துக்கு வருவோம்: சிறிய எண்ணிக்கை.

‘அ’ என்ற பகுதியில் 8 குழந்தைகளைச் சோதித்தார்கள். 2 பேருக்கு எல்லைக்கு மேல். விகிதம் 25 சதவீதம். ‘ஆ’ பகுதியில் 400 பேரைச் சோதித்தார்கள். 48 பேருக்கு மேல். விகிதம் 12 சதவீதம். படத்தில் ‘அ’ அடர்சிவப்பு, ‘ஆ’ வெளிர்சிவப்பு. ஆனால் 8-இல் 2 என்பதிலிருந்து, உண்மை விகிதம் 3 சதவீதத்துக்கும் 65 சதவீதத்துக்கும் இடையே எங்கோ இருக்கலாம் என்பதற்கு மேல் உறுதியாக எதுவும் சொல்ல முடியாது. ‘ஆ’ பகுதிக்கு அந்த இடைவெளி சுமார் 9 முதல் 16 வரை. வண்ணம் அடிக்கும்போது இந்த இடைவெளி மறைந்துவிடுகிறது. அதனால்தான் எந்த நாட்டில் எந்த நோய்க்கு வரைந்தாலும், மிக அதிகமான பகுதிகளும் மிகக் குறைவான பகுதிகளும் ஆள் குறைந்த இடங்களாகவே அமைகின்றன. அது நோயின் இயல்பு அல்ல, எண்ணின் இயல்பு.

இதற்கு மருந்து உண்டு. சிறிய பகுதியின் விகிதத்தைச் சுற்றுவட்டார விகிதத்தை நோக்கிச் சற்று இழுப்பது. பேயஸ் முறை என்பார்கள். சூத்திரம் மிரட்டினாலும் கருத்து எளிது: ஒவ்வொரு பகுதியிலும் கற்பனையாக 50 குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அவர்களில் மாவட்ட சராசரியான 6 சதவீதத்தினருக்கு, அதாவது 3 பேருக்கு, பாதிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ‘அ’ பகுதியில் 58-க்கு 5, அதாவது 8.6 சதவீதம். ‘ஆ’ பகுதியில் 450-க்கு 51, அதாவது 11.3 சதவீதம். வரிசை தலைகீழாகிவிட்டது. எட்டுப் பேர் சொன்ன சாட்சியம் பெரிதும் அசைந்தது; நானூறு பேர் சொன்னது கொஞ்சமே அசைந்தது. அந்த 50 என்ற எண் வாய்க்கு வந்தபடி வைப்பதல்ல. பகுதிகளுக்கிடையே உண்மையிலேயே எவ்வளவு வேறுபாடு இருக்கிறது என்பதைத் தரவிலிருந்தே கணக்கிட்டு வைப்பது. வேறுபாடு அதிகமானால் கற்பனைக் குழந்தைகள் குறைவார்கள். மாவட்ட சராசரிக்குப் பதில் எல்லையை ஒட்டிய பகுதிகளின் சராசரியை நோக்கி இழுப்பதும் உண்டு. அதில் ஒரு கெடுதல்: பழைய உருக்காலை ஒன்றை ஒட்டிய ஒற்றைப் பகுதி உண்மையிலேயே மோசமாக இருந்தால், சுற்றியுள்ள நல்ல பகுதிகள் அதை மெழுகி மறைத்துவிடும். ஆகவே இழுத்த எண், இழுக்காத எண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பதே விவேகம்.

பூஜ்ஜியம் இன்னும் ஆபத்தானது. பத்துப் பேரைச் சோதித்து ஒருவருக்கும் இல்லை என்றால் ‘பாதிப்பற்ற பகுதி’ என்று எழுதிவிடுகிறார்கள். அங்கே உண்மை விகிதம் 26 சதவீதமாகவே இருந்தாலும், பத்துப் பேரிலும் ஒருவரும் அகப்படாமல் போக இருபதுக்கு ஒன்று என்ற வாய்ப்பு உண்டு. ‘மூன்றைச் சோதனை எண்ணிக்கையால் வகுத்தால் வருவது, பூஜ்ஜியத்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கக்கூடிய உச்ச விகிதம்’ என்ற தோராய விதியைச் செய்தியாளர்கள் மனத்தில் வைத்துக்கொள்ளலாம். 300 பேரைச் சோதித்துப் பூஜ்ஜியம் வந்தால் 1 சதவீதம். அப்போது நிம்மதியாக எழுதுங்கள்.

பகுதிகளைப் பிரிக்கும் எல்லைக்கோடு பற்றித் தொடக்கத்தில் சொன்னோம். அதற்கு ஃபிளின்ட் நகரத்தைவிடத் தெளிவான பாடம் இல்லை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள அந்நகரம் 2014 ஏப்ரலில் தன் குடிநீரை ஃபிளின்ட் ஆற்றிலிருந்து எடுக்கத் தொடங்கியது. குழாய் அரிப்பைத் தடுக்கும் வேதிப்பொருளைச் சேர்க்கவில்லை. பழைய இணைப்புக் குழாய்களிலிருந்த காரீயம் கரைந்து வந்தது. மாநில அரசு இரத்தச் சோதனை முடிவுகளை அஞ்சல் குறியீட்டு எண் வாரியாகத் தொகுத்துப் பார்த்தது. கவலைப்படும்படி எதுவும் தெரியவில்லை. காரணம், ஃபிளின்ட் பெயரிலுள்ள அஞ்சல் வட்டங்கள் நகர எல்லைக்கு வெளியேயும் பரந்தவை. வெளியே இருந்தவர்கள் குடித்தது வேறு தண்ணீர். பாலில் தண்ணீர் கலந்தாற்போல, பாதித்த குழந்தைகளோடு பாதிக்காதவர்களையும் கலந்துவிட்டு விகிதம் பார்த்தார்கள். குழந்தை மருத்துவர் மோனா ஹன்னா-அட்டிஷாவும் புவியியலாளர் ரிச்சர்ட் சாட்லரும் அடங்கிய குழு வீட்டு முகவரியைக் கொண்டு, நகரத் தண்ணீர் போன வீடுகளை மட்டும் தனியே பிரித்தது. 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருந்த குழந்தைகள் நகரம் முழுதும் 2.4 சதவீதத்திலிருந்து 4.9 ஆகியிருந்தார்கள், தண்ணீரில் காரீயம் மிகுந்த பகுதிகளில் 4.0-இலிருந்து 10.6. ஒரே தரவு, கோடு மாறியது, உண்மை வெளியே வந்தது.

அந்த ஆய்வில் கவனிக்க வேண்டிய இன்னொரு நுணுக்கம் உண்டு. 2013 ஜனவரி முதல் செப்டம்பர் வரை, 2015 ஜனவரி முதல் செப்டம்பர் வரை என்று அதே மாதங்களை ஒப்பிட்டார்கள். குளிர்நாடுகளில் கோடையிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் குழந்தைகளின் இரத்தக் காரீயம் தானாகவே ஏறும். ஜன்னல் திறக்கிறது, தூள் பறக்கிறது, குழந்தை மண்ணில் விளையாடுகிறது. மார்ச் மாதத்தை ஆகஸ்ட் மாதத்தோடு ஒப்பிட்டால் எந்த ஊரிலும் ‘நெருக்கடி’ தெரியும். ஒரு பகுதியில் கோடையில் முகாம் போட்டு, இன்னொரு பகுதியில் குளிரில் முகாம் போட்டு, இரண்டையும் ஒரே படத்தில் வைப்பதும் அதே தவறுதான்.

பகுதியின் எல்லை என்ற விஷயத்தில் மிகச் சிறிதாக நறுக்கினாலும் சங்கடம், மிகப் பெரிதாக விட்டாலும் சங்கடம். பெரிதாக விட்டால் ஃபிளின்ட். நறுக்கினால் எட்டுக் குழந்தைகள். கைக்கு வசதியான எல்லையைத் தேர்ந்தெடுக்காமல், காரீயம் வரும் வழியை ஒட்டிய எல்லையைத் தேர்ந்தெடுப்பதே சரி: குடிநீரானால் விநியோக வலயம், பெயின்டானால் ஒரே காலத்தில் கட்டிய குடியிருப்புத் தொகுதி, உருக்காலையானால் காற்றுத் திசையும் தொலைவும்.

இரத்த அளவீட்டிலேயே உள்ள கோளாறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். விரல் நுனியில் குத்தி எடுக்கும் துளியில் தோலில் ஒட்டியிருக்கும் காரீயத் தூளும் சேர்ந்து அளவை உயர்த்திக் காட்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்காமல் எடுத்தால் பொய்யான ஏற்றம் சகஜம். எனவே உயர்ந்த முடிவுகளைக் கையின் சிரையிலிருந்து (இரத்தக்குழாயிலிருந்து) இரத்தம் எடுத்து உறுதிசெய்த பிறகே எண்ண வேண்டும். அப்படி உறுதிசெய்ய அழைத்த குழந்தையை மூன்று தடவை சோதித்திருப்பார்கள். பதிவேட்டில் மூன்று வரி இருக்கும். அதை மூன்று குழந்தைகளாக எண்ணிய பட்டியல்களும் உண்டு. ஓராண்டுக்கு ஒரு குழந்தைக்கு ஒரு முடிவு, சிரை இரத்தம் இருந்தால் அதற்கு முன்னுரிமை என்று விதி வைத்துக்கொள்ள வேண்டும். பரவலாகப் புழங்கும் கையடக்கக் கருவி ஒன்று 3.3-க்குக் கீழ் எண்ணே காட்டாது. ‘குறைவு’ என்று மட்டும் சொல்லும். அந்த இடத்தில் 3.3-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்து 2.33 என்று நிரப்புவது வழக்கம். பத்தில் ஒருவருக்கு நிரப்பினால் பெரிய பாதகமில்லை. பத்தில் ஏழு பேருக்கு நிரப்பினால், வரும் சராசரி நாமே எழுதிய எண்ணின் சராசரி. அப்படிப்பட்ட தரவில் சராசரியை விட்டுவிட்டு, எல்லையைத் தாண்டியவர் விகிதத்தை மட்டும் சொல்வது நேர்மை. சராசரி சொல்லியே ஆக வேண்டுமென்றால், எண்களைக் கூட்டாமல் பெருக்கி மூலம் எடுக்கும் பெருக்கல் சராசரி; கூட்டல் சராசரியை 60 மைக்ரோகிராம் உள்ள ஒரே குழந்தை தூக்கிவிடும். வயதும் முக்கியம். உச்சம் பொதுவாக ஒன்றரை வயதிலிருந்து மூன்று வயதுக்குள், கையை வாயில் வைக்கும் பருவத்தில். ஐந்து வயதினரைச் சோதித்த பகுதியையும் இரண்டு வயதினரைச் சோதித்த பகுதியையும் அப்படியே ஒப்பிடக் கூடாது.

‘ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று மாதிரிக்கணக்கெடுப்புக்கு நம் மொழியில் அருமையான பழமொழி இருக்கிறது. ஆனால் அது பானை ஒரு சீராக வெந்திருந்தால்தான் பொருந்தும். சோதனைக்கு வரும் குழந்தைகள் சீராகக் கிளறிய பானை அல்ல. மருத்துவர் சந்தேகப்பட்டு அனுப்பியவர்களே அதிகமானால் விகிதம் வீங்கும். மருத்துவமனைக்கே வராத குடும்பங்கள் அதிகமானால் சுருங்கும். ஒரே நகரத்தில் இரண்டும் ஒரே சமயத்தில், வெவ்வேறு தெருக்களில் நடக்கும். இதைப் பார்க்க எளிய வழி, சோதித்தோர் எண்ணிக்கையைப் பிறப்புப் பதிவேட்டோடு ஒப்பிடுவது. 500 குழந்தைகள் பிறந்த பகுதியில் 100 பேரைச் சோதித்திருந்தால், சோதித்த ஒவ்வொருவரும் ஐவருக்காகப் பேசுகிறார். அந்த ஐவரும் வீட்டின் வயதிலும் வருமானத்திலும் ஒத்தவர்கள் என்றால் கணக்கு நிற்கும். இல்லையென்றால் ஒவ்வொரு வகையினருக்கும் தனித்தனி எடை கொடுக்க வேண்டும். வெள்ளையாகத் தெரியும் பல பகுதிகளில் அந்த 100 என்பது 5 ஆக இருக்கும்.

இதைவிடக் கெட்டியான வலை ஒன்று உண்டு. கணிப்பு சிவப்பு என்று சொன்ன இடத்தில் முகாம் போடுகிறோம். முகாம் போட்ட இடத்தில் குழந்தைகள் அகப்படுகிறார்கள். அந்த முடிவுகளை வைத்து அடுத்த ஆண்டுக் கணிப்பைச் செய்கிறோம். சிவப்பு இன்னும் சிவக்கிறது. தேடாத இடம் தேடாமலே ‘நல்ல பகுதி’ ஆகிறது. இந்த வட்டத்தை உடைக்க, சோதனைத் திறனில் பத்தில் ஒரு பங்கையாவது கணிப்பைப் பார்க்காமல் குலுக்கல் முறையில் ஒதுக்க வேண்டும். அதிகாரிகளுக்கு இது வீண்செலவாகத் தோன்றும். கணிப்பு எங்கே தவறுகிறது என்று சொல்லக்கூடிய ஒரே பணம் அதுதான்.

கணிப்பை மதிப்பிடும் விதத்திலும் ஒரு கண்கட்டு நடக்கிறது. பத்தாயிரம் குழந்தைகளில் 500 பேருக்குப் பாதிப்பு என்று வையுங்கள். ‘ஒருவருக்கும் பாதிப்பில்லை’ என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லும் கணிப்புக்கூட 95 சதவீதம் சரி! ஆகவே ‘துல்லியம் 95 சதவீதம்’ என்ற செய்திக்கு மதிப்பே இல்லை. கேட்க வேண்டியவை இரண்டு: பாதித்தவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது? சுட்டிக்காட்டியவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே பாதித்தவர்? சிகாகோ நகரத் தரவைக் கொண்டு எரிக் போட்டாஷ் குழுவினர் 2020-இல் வெளியிட்ட ஆய்வு இதை ஒளிக்காமல் சொல்கிறது. பாதிப்பில்லாதவர்களில் 5 சதவீதத்தினரை மட்டுமே தவறாகச் சுட்டும்படி எல்லை வைத்தபோது, கேள்வி கேள்வியாகக் கிளைத்து முடிவுக்கு வரும் பல ‘முடிவு மரங்களை’ச் சேர்த்துக் கணிக்கும் புதிய முறை, பாதித்த குழந்தைகளில் சுமார் 16 சதவீதத்தினரை முன்கூட்டிப் பிடித்தது. ஒவ்வொரு காரணிக்கும் ஓர் எடை கொடுத்துக் கணிக்கும் வழக்கமான ரிக்ரெஷன் முறை பிடித்தது சுமார் 8 சதவீதத்தினரை. இரு மடங்கு, நல்ல முன்னேற்றம்தான். எங்கள் கற்பனை ஊரில் இதைப் போட்டுப் பாருங்கள்: 500 பேரில் 80 பேர் அகப்படுவார்கள், கூடவே பாதிப்பில்லாத 475 பேர். ஆக 555 வீடுகளின் கதவைத் தட்டினால் 80. குருட்டாம்போக்கில் 555 வீடுகளுக்குப் போனால் சுமார் 28. எங்கே முதலில் போவது என்பதற்கு இது அருமையான கருவி. ஆனால் மீதி 420 குழந்தைகள் கணிப்பு சுட்டாத வீடுகளில் இருக்கிறார்கள். ‘கணிப்பு இருக்கிறது, பொதுச் சோதனை இனி வேண்டாம்’ என்று யாராவது நிர்வாகச் சிக்கனம் பேசினால் இந்த 420-ஐ நினைவூட்டுங்கள்.

சோதித்துப் பார்க்கும் முறையிலும் நுணுக்கம் வேண்டும். தரவைச் சீட்டுக் கலைப்பதுபோல் கலைத்து, ஒரு பாதியில் கற்று மறுபாதியில் சோதித்தால் முடிவு பிரமாதமாக வரும். பக்கத்து வீடுகள் ஒன்றையொன்று காட்டிக்கொடுப்பதால் வரும் பிரமாதம் அது. ஒரு வட்டாரத்தை முழுதாக மறைத்து வைத்து, மற்றவற்றில் கற்று, மறைத்த வட்டாரத்தில் சோதிக்க வேண்டும். அதோடு பழைய ஆண்டுகளில் கற்று அடுத்த ஆண்டில் சோதிக்க வேண்டும். இந்த இரண்டையும் தாண்டாத கணிப்பு புதிய ஊருக்குப் போனால் தடுமாறும்.

கணிப்பை மதித்தால் என்ன, மதிக்காவிட்டால் என்ன என்பதற்கும் ஃபிளின்ட்டே அளவுகோல் தருகிறது. எந்த வீட்டுக்குக் காரீயக் குழாய் என்ற பதிவேடு அங்கே கிழிந்தும் பிழையுமாகக் கிடந்தது. ஜேக்கப் அபர்நெத்தி, எரிக் ஷ்வார்ட்ஸ் என்ற பேராசிரியர்களின் குழு, வீட்டின் வயது, மதிப்பு, இருப்பிடம், முன்பு தோண்டிய இடங்களின் முடிவு இவற்றைச் சேர்த்து ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வாய்ப்பு எண் கொடுத்தது. அந்தப் பட்டியலை ஒட்டித் தோண்டிய 2017-இல், பார்த்த வீடுகளில் சுமார் 70 சதவீதத்தில் மாற்ற வேண்டிய குழாய் இருந்தது. பட்டியலை ஒதுக்கிவிட்டுத் தோண்டிய 2018-இல் அது சுமார் 15 சதவீதம். தோண்டும் செலவு ஒன்றே. கிடைத்தது ஐந்தில் ஒரு பங்கு.

ஆனால் எல்லாக் காரீயமும் முகவரியோடு ஒட்டியிருப்பதில்லை. நிலப்படத்தின் பெரிய வரம்பு இது. யுனிசெஃப்பும் பியூர் எர்த் என்ற தொண்டு நிறுவனமும் 2020-இல் வெளியிட்ட அறிக்கை, உலகில் மூன்றில் ஒரு குழந்தைக்கு, அதாவது 80 கோடிக் குழந்தைகள் வரை, 5 மைக்ரோகிராமும் அதற்கு மேலும் இருப்பதாக மதிப்பிட்டது. இவர்களில் மிகப் பெரும்பாலோர் இருக்கும் நாடுகளில் ‘1940-க்கு முந்தைய வீடு’ என்ற மாறி (கணிப்புக்குக் கொடுக்கும் தகவல்) எதையும் சொல்லாது. செனகலின் டாக்கர் அருகே தியாரோய்-சுர்-மெரில் பழைய பேட்டரிகளை உடைத்த மண்ணால் 2007 நவம்பர் முதல் 2008 மார்ச் வரை 18 குழந்தைகள் இறந்தார்கள். நைஜீரியாவின் சம்ஃபாராவில் 2010-இல், தங்கத் தாதுவை வீட்டு முற்றங்களில் அரைத்ததால் நூற்றுக்கணக்கான குழந்தைகள் மாண்டார்கள். இவற்றை எந்த நிலப்படமும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பேட்டரி உடைக்கும் இடங்கள், தாது அரைக்கும் இடங்கள் எங்கே என்ற பட்டியலே கணிப்புக்குக் கொடுக்கப்படவில்லை. கொடுக்காததை அது எப்படிச் சொல்லும்? வங்கதேசத்தில் நடந்தது இன்னும் பாடமானது. மஞ்சள் கிழங்குக்கு நிறமேற்றக் காரீயக் குரோமேட் என்ற மஞ்சள் நிறக் காரீயச் சேர்மத்தைக் கலந்தார்கள். சந்தை வழியாக அது எங்கும் போயிற்று. வீட்டுக்கு வீடு வண்ணமடித்து என்ன பயன்? இரத்தத்திலிருந்த காரீய ஐசோடோப்புகளின் (எடையில் வேறுபடும் காரீய அணுவகைகளின்) விகிதத்தையும் மஞ்சளில் இருந்ததையும் ஒப்பிட்டுத்தான் வழியைப் பிடித்தார்கள். கலப்படத்துக்கு எதிராக நடவடிக்கை எடுத்த பின், சந்தை மாதிரிகளில் காரீயம் தென்பட்டவை 2019-இல் 47 சதவீதமாக இருந்து 2021-இல் பூஜ்ஜியத்துக்கு வந்தன. ஆகவே ஓரிடத்தில் விளைந்த கணிப்பைப் பெயர்த்துக்கொண்டு போய் இன்னோரிடத்தில் நடும் முன், அங்கே சில நூறு குழந்தைகளையாவது குலுக்கல் முறையில் சோதித்து, பாதித்தவர் வீடுகளில் தூள், தண்ணீர், மண், பாத்திரம், மசாலாத் தூள், கண்மை எல்லாவற்றையும் அளந்து, எந்த மாறிகள் பொருந்தும் என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

கடைசியாக அச்சிடும் முறை பற்றி. தனியுரிமை கருதி, ஐந்துக்கும் குறைவானோர் பாதித்த பகுதிகளின் எண்ணைப் பல அரசுத் துறைகள் மறைப்பது வழக்கம். மறைக்கட்டும். சிறு பகுதியில் ‘ஒரு குழந்தை’ என்று போட்டால் அது எந்த வீடு என்று தெருவுக்கே தெரிந்துவிடும். வீட்டுக்காரர் காலி செய்யச் சொன்னாலும் சொல்வார். ஆனால் மறைத்த பகுதியை வெள்ளையாக விடாதீர்கள். சாய்கோடு போடுங்கள். ‘சோதனை போதாது’ என்று படத்தின் ஓரத்தில் எழுதுங்கள். வண்ணத்தின் அடர்த்தியை விகிதத்துக்கு மட்டும் கொடுக்காமல், சோதித்தோர் எண்ணிக்கை குறைந்த இடத்தில் மங்கலாக்குங்கள். கணித்த எண்ணையும் அளந்த எண்ணையும் ஒரே படத்தில் கலக்காதீர்கள். இரண்டும் வேண்டுமானால் இரண்டு படம். இடம் ஒன்றுக்குத்தான் என்றால், வண்ணப்படத்தை விட்டுவிட்டுப் பகுதியின் பெயர், பிறந்தோர், சோதித்தோர், எல்லைக்கு மேல் இருந்தோர் என்ற நான்கு கட்டப் பட்டியலை வெளியிடுங்கள். பார்க்க அழகாக இருக்காது. ஆனால் தம் பகுதியில் 612 பேர் பிறந்து 9 பேரைத்தான் சோதித்தார்கள் என்று ஒரு தாய் படித்தால், அடுத்த தடுப்பூசி நாளில் என்ன கேட்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

இப்படிக்கு,
பொதுச் சுகாதாரப் புள்ளியியலில் பணிபுரியும் வாசகர்கள் சிலர்